எல் போர்டும் பழைய காரும் மூன்றாவது ஆளும்

கையில் எல்.எல்.ஆர்., வாசலில் பன்னிரண்டு வயசான செகண்ட் ஹேண்ட் கார். "இந்த டப்பா வண்டிக்கு இன்சூரன்ஸ் வேற எதுக்கு?" என்று ஒருத்தர் கேட்பார். "ஓட்டக் கத்துக்கறவன் இடிச்சா எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்?" என்று இன்னொருத்தர் கேட்பார். எல்லாத் தெருவிலும் கேட்கிற கேள்விகள்தான் இவை. இரண்டுக்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைப் பழவேற்காட்டில் இருந்து ஆரம்பித்தால் சுலபமாகப் புரியும்.

ஏரியில் இரண்டு வழிகள்

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. ஒரு இடத்தில் இறால் அள்ளும், இன்னொரு இடத்தில் வலை காலியாக வரும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. உரிமையுள்ள தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் மாறி மாறி எல்லாருக்கும் வரும். இது இன்சூரன்ஸ் இல்லை. ஆனால் நஷ்டம் ஒரே ஆள் தலையில் விழாமல் பலர் மேல் பரவ வேண்டும் என்ற எண்ணம் இங்கேயும் இருக்கிறது.

அதே ஊரில் 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. அது பொதுவாகத் தன் கப்பல்களுக்கு வெளியாரிடம் இன்சூரன்ஸ் வாங்கவில்லை. நிறைய கப்பல்கள் இருந்ததால், ஒன்று மூழ்கினால் மற்றவற்றின் லாபத்தில் அது சரியாகிவிடும் என்பது கணக்கு. கணக்கியல் பாடத்தில் வரும் 'சுய காப்பீடு' இதுதான்.

இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. நஷ்டம் வந்தால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வரும். பாட்டில் சேராதவருக்கு அதில் பங்கு இல்லை. டச்சுக்காரன் கப்பல் போனால் நஷ்டம் டச்சுக்காரனுக்கு. கார் வந்த பிறகுதான் கதை மாறியது.

மூன்றாவது ஆள் வந்தார்

கார் இடித்தால் அடிபடுபவர் அந்தக் காருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவராக இருக்கலாம். சாலை ஓரமாக நடந்து போனவர், சைக்கிளில் போனவர்... இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் முதல் ஆள் வண்டிக்காரர், இரண்டாவது ஆள் கம்பெனி. கையெழுத்தே போடாத இவர்தான் மூன்றாவது ஆள், அதாவது 'தேர்ட் பார்ட்டி'. ஓட்டியவரிடம் பணம் இல்லையென்றால் இவர் கதி என்ன?

இந்தக் கேள்விக்குப் பிரிட்டன் 1930-ல் சட்டம் போட்டு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1914-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. 1939-ல் வந்த சட்டத்தில் அதற்கென்று ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள், ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-ல்தான்! பின்னர் 1988-ஆம் வருடச் சட்டத்தின் 146-வது பிரிவில் அந்தக் கட்டாயம் தொடர்ந்தது. வண்டி புதுசா பழசா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

கற்றுக்கொள்பவர் இடித்தால்?

இதற்கு நீதிமன்றங்கள் படிப்படியாகப் பதில் சொல்லின. 1987-ல் ஸ்கேண்டியா இன்சூரன்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. லாரி டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு, வண்டியை கிளீனர் பொறுப்பில் விட்டுவிட்டு, தின்பண்டம் வாங்கப் போனார். லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை எடுத்தார். ஒரு உயிர் போனது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் பணம் தர முடியாது என்றது கம்பெனி. உரிமையாளர் லைசென்ஸ் உள்ள டிரைவரைத்தான் வைத்திருந்தார், விதியை மீறியது அவர் இல்லை, அதனால் கம்பெனி தப்ப முடியாது என்றது நீதிமன்றம்.

எல் போர்டு பற்றிய நேரடியான பதில் 2004 ஜனவரி 5-ல் வந்தது. நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஸ்வரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னது இதுதான்: பழகுநர் உரிமமும் சட்டப்படி ஒரு உரிமம்தான். அதை வைத்திருந்தவர் ஓட்டினார் என்பதற்காகக் கம்பெனி கைவிரிக்க முடியாது. விதிமீறல் நிரூபிக்கப்பட்டாலும், முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் சொல்லலாம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அடிபட்டவருக்குப் பணம் கிடைத்துவிடும். உரிமையாளர் தப்பித்தார் என்று அர்த்தம் இல்லை!

அவரும் தப்பிக்க வழி 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதி. எல்.எல்.ஆர். காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும் (ஆயுள் 6 மாதம்). லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். கார் பாலிசியில் 'டிரைவர்' என்ற தலைப்பில் பார்த்தால், கற்றுக்கொள்பவரும் ஓட்டலாம், ஆனால் இந்த 3-வது விதியை நிறைவேற்ற வேண்டும் என்று இருக்கும். தனியாக எடுத்துக்கொண்டு போய் இடித்தால் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்பது கஷ்டம்தான்.

பழைய காரின் கணக்கு

பிரிட்டனில் ஓட்டுபவரின் வயசையும் அனுபவத்தையும் பார்த்துப் பிரீமியம் போடுவார்கள். புதுசாக ஓட்டுபவருக்கு எகிறும். இந்தியாவில் காருக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது, இன்ஜினின் சிசி-யைப் பார்த்து. 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் 1000 சிசி வரையான சொந்தக் காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய் (ஜி.எஸ்.டி. தனி). இருபது வருடமாக ஓட்டுபவருக்கும் நேற்று எல்.எல்.ஆர். எடுத்தவருக்கும் ஒரே தொகை.

பழைய கார் என்பது பெரிசாக வித்தியாசப்படுவது சொந்தச் சேதத்தில்தான். 2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிப்படி, ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பைக் கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பத்து வருடம் தாண்டினால் மாற்றுகிற இரும்புப் பாகங்களின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழியும். 20,000 ரூபாய்க்குப் பாகம் மாற்றினால் 10,000 சொந்தப் பணம். அதனால்தான் பழைய கார்க்காரர்கள் பலர் 'ஃபுல் இன்சூரன்ஸ்' எடுக்காமல் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுக்கிறார்கள். தன் கார் போனால் தன் நஷ்டம் என்கிற டச்சுக்காரன் கணக்கு இது. தப்பில்லை. ஆனால் மூன்றாவது ஆளின் பங்கில் அந்தக் கணக்கைப் போடச் சட்டம் விடாது. 2019 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த திருத்தப்படி இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 4,000.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு ஒன்று: கார் கை மாறும்போது பாலிசியும் மாறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 157). ஆனால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். பழைய உரிமையாளரின் 'நோ கிளெய்ம் போனஸ்' கூட வராது, அது அவரோடு போய்விடும்.

பொன்னேரியில் இருந்து பழவேற்காடு போகும் சாலையில் மீன் கூடையோடு நடந்து போகும் ஒரு அம்மா எந்தக் கம்பெனிக்கும் பிரீமியம் கட்டியவர் இல்லை. எதிரே வருகிற பழைய காரில் எல் போர்டு இருக்கிறதா என்றும் அவருக்குத் தெரியாது. அந்த 2,094 ரூபாய் அவருக்காகக் கட்டுவது. பாடு முறையில் தலைக்கட்டு இல்லாதவருக்கு இடமில்லை. சாலையில் அவரையும் சேர்த்துக்கொள்ள 1946 வரை ஆகியிருக்கிறது.