டேஸ்டி மூடின பிறகு

'குட் வில் ஹன்டிங்' பார்த்த ஆக்களுக்கு அந்தச் சின்னச் சாப்பாட்டுக்கடை ஞாபகம் இருக்கும். மட் டேமனும் மினி டிரைவரும் முத்தமிடுகிற இடம். அது செட் இல்லை. டேஸ்டி என்ற பெயரில் 1916 முதல் ஹார்வர்ட் பல்கலைக்கழக வாசலடியில் இருந்த உண்மையான கடை. ஒரேயொரு அறை. இரவிரவாகத் திறந்திருக்கும் என்பதால் பேராசிரியர், கம்பஸ் பெடியள், டாக்சிக்காரர், போக்கிடமில்லாதவர் எல்லாரும் ஒரே கவுன்டரில் முழங்கை இடிபடச் சாப்பிட்டார்கள்.

1997 டிசம்பரில் படம் வந்தபோது கடை இல்லை. சில கிழமைக்கு முன்னமே மூடியாச்சு! பக்கத்தில் ஜெர்மன் சாப்பாடும் பியரும் விற்ற வூர்ஸ்ட்ஹவுஸ் 1996இலேயே போச்சு.

டேஸ்டி ஆக்கள் வராமல் மூடவில்லை. கட்டடம் ஒரு வங்கிக்குச் சொந்தம், அவர்கள் அதைத் திருத்திக் கட்ட நினைத்தார்கள். அவ்வளவுதான்.

பழைய மாணவர்களின் ஏக்கத்தை நான் அரைவாசிதான் நம்புவேன். நாலு வருசத்தில் அவர்கள் எப்படியும் போயிருப்பார்கள். விடியச் சாமம் ஒரு கோப்பியோட குந்தியிருக்க வேறு இடமில்லாதவருக்குத்தான் இது உண்மையான இழப்பு.

ஊரின் வரலாற்றைக் காக்க வேண்டும் என்று பேசிப்பேசிக் கடைசியில் காப்பாற்றியது கட்டடத்தின் முகப்பை. அந்தப் பழைய முகப்புக்குப் பின்னால் அபர்குரோம்பி உடுப்புக்கடை வந்தது.