சோழி முதல் இருபது முகப் பகடை வரை

மாலத்தீவுக் கடலில் திரட்டிய சோழிகள் போர்ச்சுகீசியர் காலத்தில் கொச்சித் துறைக்கும் வந்து இறங்கின. வங்காளத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அவை செல்லும் காசு. காசாகப் பயணம் போன அதே சோழி, இந்திய வீட்டுத் திண்ணைகளில் பகடையாக உருண்டது.

பச்சீசி ஆட்டத்தில் ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடுவார்கள். ஆறும் குப்புற விழுந்தால் 25. சோழி மல்லாந்து விழுவதும் குப்புற விழுவதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், 64 வீச்சில் ஒருமுறை அது வரும். உண்மையில் எந்தச் சோழியும் சரிபாதி விழாது. அதன் வயிறும் முதுகும் வேறு வேறு வளைவு. பச்சீசியின் அதே சிலுவைக் கட்டத்தில் சௌபர் என்ற ஆட்டம் ஆடியவர்கள் சோழியை விட்டு நீளக் கட்டைகளை எடுத்தார்கள். நான்கு முகம், 1, 2, 5, 6 என்று புள்ளி, மொத்தம் மூன்று கட்டை என்கிறது அக்பர் காலத்து ‘அயினி அக்பரி’. கட்டம் மாறவில்லை, பகடை மாறியதும் வெட்டுப்படும் ஆபத்து இடம் மாறியது.

இதைத் தாயம் ஆடியவர்கள் கணக்குப் போடாமலே அறிவார்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். அவற்றில் 3 விழுவது நான்கு விதம், தாயம் எனப்படும் 1 இரண்டு விதம், ஆறு ஒரே விதம். எதிரிக் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பவன் கத்தி முனையில் நிற்கிறான். ஆறு கட்டம் தள்ளி நிற்பவன் மூச்சு விடலாம். அறுமுகப் பகடை ஒன்றை மட்டும் உருட்டினால் இந்த வேறுபாடே இருக்காது. ஒன்று முதல் ஆறு வரை எல்லாத் தூரமும் ஒரே அளவு ஆபத்து. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டு கட்டையும் 0) விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற விதி வேறு. 16-ல் ஆறு விதத்தில் அது நேரும். பாதுகாப்பான தூரம் என்று எண்ணியவனின் காய் அதே ஆட்டத்தில் வெட்டுப்படும்.

போரைப் பகடையிடம் ஒப்படைத்ததும் இந்த மண்ணுக்குப் பழக்கம்தான். நால்வர் ஆடும் சதுரங்கத்தைப் பற்றி 1030 வாக்கில் அறிஞர் அல்பிரூனி எழுதினார். மூன்று விழுந்தால் குதிரை நகரும், நான்கு விழுந்தால் யானை. கட்டளை தன் கையில் இல்லாத தளபதியின் தவிப்பு அந்த ஆட்டத்தில் இருந்தது. 1824-ல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் போர்ப் பயிற்சி ஆட்டத்தில் பகடையை வேறு வேலைக்கு வைத்தார். தளபதி தான் விரும்பிய படையை நகர்த்தலாம். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும்.

அந்த வழியில் வந்ததுதான் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். பள்ளிக் கணிதப் பாடத்துக்கு விற்ற பன்முகப் பகடைகளை கைகாக்ஸ் அதில் சேர்த்தார். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் 5 சதவீதம். தேர்ந்த வீரனின் வாளும் அடிக்கடி குறி தப்பும். கற்றுக்குட்டியும் சில நேரம் வெல்வான். மூன்று அறுமுகப் பகடைகளைக் கூட்டினால் 10 விழ 12.5 சதவீதம், 18 விழ 216-ல் ஒரே வாய்ப்பு. நடுவிலேயே குவிவதால் பயிற்சி பேசும், அதிசயம் அபூர்வமாகும்.

ஆட்டத்தில் மெய்த்தன்மை எது என்பதற்கு ஒரே விடை இல்லை. பத்தாண்டு களரி பயின்றவர்களின் வாட்போரைச் சொல்ல வேண்டுமா, கூட்டுப் பகடை எடுங்கள். இருட்டில் நடக்கும் கைகலப்பா, ஒற்றைப் பகடை போதும். ஆட்டம் உருவாக்கும் நம் இளைஞர்கள் இருபது முகத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். பித்தளைக் கட்டையையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தூரத்துக்கு ஒரு பயம், நெருக்கத்துக்கு ஒரு பயம், மறுவீச்சால் வரும் திடீர் வெட்டு என மூன்றையும் அந்த இரண்டு கட்டைகள் ஏற்கெனவே செய்துகாட்டியிருக்கின்றன. வீரன் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பகடையை அதன் பிறகு தேர்ந்தெடுங்கள்.