சட்டம் பகிடியைக் கேட்கவில்லை: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு வரைவிலக்கணம்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பகிடிவதை ஏன் ஒழியவில்லை என்ற கேள்விக்கு ஆய்வுலகம் நெடுங்காலமாக ஒரே விடையைத் தந்து வருகிறது. பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்வதில்லை. முறைப்பாடு இல்லாத இடத்தில் சட்டம் கையறு நிலையில் நிற்கிறது என்பது அந்த விடை. முறைப்பாட்டுப் பெட்டி, தொலைபேசி இலக்கம், இரகசியம் பேணும் ஏற்பாடு என்று பரிந்துரைகள் நீள்வதும் இதனால்தான். இந்த விடை சட்டத்தைச் சரியாக வாசிக்காததிலிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழில் அந்தப் பிழை நிலைபெறுவதற்கு நாம் வழங்கும் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்குத் தரும் விளக்கம் மிகச் சுருக்கமானது. கல்வி நிறுவனமொன்றின் மாணவருக்கோ பணியாளருக்கோ உடற்காயத்தையோ உளக்காயத்தையோ மனவேதனையையோ அச்சத்தையோ ஏற்படுத்துகிற, அல்லது ஏற்படுத்தக்கூடிய, எந்தச் செயலும் பகிடிவதையாகும். ஆங்கில வாசகத்தின் சாரத்தையே இங்கே என் மொழியில் தருகிறேன். இலங்கைச் சட்டங்களில் மொழிகளிடையே முரண் எழுந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்பதால், என் முடிவுகளை அந்த எல்லைக்குள் வைத்தே வாசிக்க வேண்டும்.

முந்தைய வாசிப்புகள் இந்த வரியில் தங்கிய இடம் ‘காயம்’. நான் தங்கச் சொல்வது ‘ஏற்படுத்தக்கூடிய’ என்ற ஒரு சொல்லில். இன்றைய மேடைத் தமிழிலும் செய்தித் தமிழிலும் ‘கூடிய’ பெரும்பாலும் பொருளிழந்துவிட்டது. ‘இங்கே இருக்கக்கூடிய மாணவர்கள்’ என்று பேச்சாளர் சொன்னால் ‘இருக்கிற மாணவர்கள்’ என்றே கேட்கிறோம். அதே காதுடன் சட்டத்தைக் கேட்டால் ‘ஏற்படுத்துகிற அல்லது ஏற்படுத்தக்கூடிய’ என்பது கூறியது கூறலாக ஒலித்து நழுவிப்போகும். சட்டத்தில் அது வெறும் அடுக்கு அன்று. ஒரு செயல் வேதனையைத் தந்ததா என்பதற்கு ஒருவரின் வாய்மொழியோ மருத்துவச் சான்றோ வேண்டும். தரும் இயல்புடையதா என்பதைச் செயலைப் பார்த்தே சொல்லலாம். முதல் கேள்விக்குப் பாதிக்கப்பட்டவரே விடையளிக்க வேண்டும். இரண்டாவதற்கு அதைக் கண்ட எவரும் விடையளிக்கலாம். காயம் நேர்ந்த பின்னரே குற்றம் பிறக்கிறது என்ற கருத்தைச் சட்டம் அந்த ஒரு சொல்லால் விலக்கியிருக்கிறது.

அந்தச் சொல்லின் தேவையை வரலாறும் காட்டுகிறது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் புதுமுக மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். கடுமையான உடற்பயிற்சியை அவர்மீது திணித்ததன் விளைவு அது. அங்கே ஆயுதம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் விளையாட்டுத் திடலில் யாரும் செய்கிற அசைவுகள் அவை. முதலாவது பயிற்சியில் காயம் இல்லை, பத்தாவதிலும் இருந்திருக்காது. காயத்துக்காகக் காத்திருக்கும் வாசிப்பு அத்தகைய இடத்துக்கு எப்போதும் பிந்தித்தான் போய்ச் சேரும். அதற்கும் முன்னே, 1975இல், அதே பல்கலைக்கழகத்தின் இராமநாதன் விடுதியில் மாணவி ஒருவர் பகிடிவதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்தார். வரைவிலக்கணத்தில் ‘அச்சம்’ தனியாக நிற்பதை அந்த நிகழ்வோடு சேர்த்தே நான் வாசிக்கிறேன். சட்டமியற்றியோர் அதை மனத்தில் கொண்டிருந்தார்கள் என்று நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை.

இனி, நம்முடைய சொல். ‘பகிடிவதை’யைத் தொகையாக விரித்தால் இரண்டு வழிகள் திறக்கின்றன. உம்மைத்தொகையாகக் கொண்டால் பகிடியும் வதையும்: முதலாவது பொறுக்கத்தக்கது, மற்றது தண்டிக்கத்தக்கது. வேற்றுமைத்தொகையாகக் கொண்டால் பகிடியால் வதை: பகிடியே கருவி. வழக்கில் வென்றிருப்பது முதல் விரிவு. ‘பகிடி மட்டும் எண்டால் பரவாயில்லை, வதையாப் போகக் கூடாது’ என்ற பேச்சை மாணவரிடமும் விரிவுரையாளரிடமும் கேட்டிருக்கிறேன். விசாரணைக்கு அமர்ந்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.

சிங்களத்தில் இதற்கு வழங்கும் சொல் ‘நவக வதய’. பின்பாதி நம்முடைய ‘வதை’யேதான். முன்பாதி ‘நவக’, அதாவது புதியவர். வதைபடுவது யார் என்பதைச் சிங்களச் சொல் சொல்கிறது. வதைப்பவர் சொல்லும் சாக்கைத் தமிழ்ச் சொல் முன்னே நிறுத்துகிறது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், ஒரே விடுதியில் கூட, இரண்டு மொழிகள் இரண்டு பக்கத்தில் நிற்கின்றன. இதை வைத்துச் சிங்கள மாணவரிடையே வதை குறைவு என்று யாரும் வாதிட முடியாது. நடந்த மரணங்களே அதை மறுக்கும். என் கூற்று அதைவிடச் சிறியது: தமிழில் விசாரிப்பவர் ‘பகிடிக்குத்தான் செய்தோம்’ என்ற மறுமொழியைக் கேட்கும்போது, அந்த மறுமொழிக்குரிய இடம் குற்றத்தின் பெயரிலேயே முன்கூட்டி ஒதுக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் வரைவிலக்கணத்தில் பகிடி என்ற பேச்சே இல்லை. வேடிக்கையா வன்மமா என்று அது கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் உடன்பட்டாரா என்றும் கேட்கவில்லை. குற்றமனம் பற்றிய பொதுக் கோட்பாடு இங்கும் பொருந்தும் என்று வழக்கறிஞர் ஒருவர் சொல்லக்கூடும். பொருந்தினாலும், அறிந்து அச்செயலைச் செய்தாரா என்பதோடு அது நின்றுவிடும். சிரிக்கத்தான் செய்தாரா என்பது வரை போகாது.

தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து வந்த சட்டம் அது. ‘பகிடிவதை’ என்ற சொல் புழங்காத அந்த மண்ணின் சட்டம், கேலிக் குறும்பையே ராகிங்கின் வகைகளுள் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறது. ஒரு மாணவர் இயல்பில் விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும் சேர்த்திருக்கிறது. நாம் விலக்களிக்கும் பகிடியை அது பட்டியலுக்குள் வைத்தது.

முல்லைத்தீவுக் கரையிலுள்ள நாயாற்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே பதிவது அவசியம். அவர் பெயரையும் படிக்கும் நிறுவனத்தையும் தவிர்க்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் பல்கலைக்கழகம் இல்லை. அந்தக் கரையிலிருந்து தெரிவாகும் பிள்ளை வவுனியாவின் பம்பைமடுவுக்கோ கிளிநொச்சியின் அறிவியல் நகருக்கோ, இன்னும் தொலைவுக்கோ போயாக வேண்டும். இவர் போவதற்கு முன்பே பகிடிவதை வந்து சேர்ந்துவிட்டது. வெட்டுப்புள்ளி வெளியான கிழமையில் தெரியாத இலக்கம் ஒன்று அவரை வாட்ஸ்அப் குழுவொன்றில் சேர்த்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு ஒவ்வொருவராகப் பெயர், ஊர், தகப்பனின் தொழில் சொல்ல வேண்டும். கடற்தொழில் என்றதும், மீன் கூவி விற்பது போலக் கூவச் சொன்னார்கள். சிக்னலுக்காக முற்றத்தில் நின்று, குரலைத் தாழ்த்திக் கூவியிருக்கிறார். ‘கம்பஸ் அண்ணாமார் ஏதோ சொல்லிக் குடுக்கினம் எண்டுதான் நினைச்சன்’ என்றார் தாய். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மாணவரிடம் கேட்டேன். ‘அது பகிடிதானே சேர், அதுக்கு ஆர் முறைப்பாடு குடுப்பினம்?’ என்றார்.

முறைப்பாட்டுப் பெட்டி இவருக்கு எட்டாதது. ஆனால் சட்டம் எட்டுகிறது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயோ வெளியேயோ என்று 2ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நாயாற்று முற்றமும் அந்த ‘வெளியே’தான். செய்பவரோடு பங்குபற்றுபவரையும் அதே பிரிவு சேர்க்கிறது. குழுவை நடத்துபவர் அதற்குள் வருவார், மௌனமாக இருந்த சக புதுமுக மாணவர் வரமாட்டார். தண்டனை இரண்டு ஆண்டு வரையான கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. 2020 பெப்ரவரியில் கிளிநொச்சியிலுள்ள தொழில்நுட்ப பீடத்தில் தொலைபேசி வழியான பாலியல் தொந்தரவு வெளிவந்தபோது, இது புதுவகை, சட்டம் எதிர்பாராதது என்று பேசப்பட்டது. கருவிதான் புதிது. இடத்தையும் கருவியையும் கட்டாத வரைவிலக்கணத்துக்கு அது எதிர்பாராதது அல்ல.

வரைவிலக்கணம் மிக விரிந்தது, தேர்வும் ஆசிரியரின் கண்டிப்பும் கூட அச்சம் தருமே என்பார்கள். சட்டத்தின் தலைப்பே பகிடிவதையை ஏனைய வன்செயல்களோடு சேர்த்து நிறுத்துகிறது. எந்த நீதவானும் தேர்வை அதற்குள் கொண்டுவரப் போவதில்லை. பகிடிவதை ஏழை, பணக்காரன் என்ற வேற்றுமையை அழித்து எல்லோரையும் சமமாக்குகிறது என்ற பழைய வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. நாயாற்றுக் கரையில் கரைவலை இழுக்கும்போது புதிதாக வந்தவனுக்கும் பகிடி உண்டு. ஆனால் பகிடி விடுபவனும் அதே கயிற்றைத்தான் பிடித்திருக்கிறான். தகப்பனின் தொழிலைக் கூவவைத்தது எந்த வேற்றுமையையும் அழிக்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை அப்படித் தள்ள முடியாது. இதே சட்டம் கட்டடங்களை ஆக்கிரமிப்பதையும் ஆட்களைத் தடுத்துவைப்பதையும் தண்டிக்கிறது. மாணவர் போராட்டத்தை ஒடுக்கும் ஆயுதம் இது என்று மாணவர் அமைப்புகள் சொல்வதில் நியாயம் உண்டு. படையினரின் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த வடக்கின் மாணவர் அமைப்புகளுக்கு அது இன்னும் கனமானது. முறைப்பாடு என்ற சொல்லுக்கே நாயாற்றில் தனி வரலாறு உண்டு: 2018 ஓகஸ்டில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் எரிக்கப்பட்ட கரை அது. பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பொலிஸ் நிலையப் படியேறச் சொல்லும் தடுப்புமுறை அங்கே தடுப்புமுறையே ஆகாது. என் வாசிப்பின் பயன் இங்குதான் இருக்கிறது. செயலைப் பார்த்தே முடிவுசெய்யலாம் என்றால், பார்க்கும் கடமை நிறுவனத்துக்குரியது. மூன்று கிழமையாகப் புதுமுக மாணவர் அனைவரும் ஒரே நிறச் சட்டையும் பாட்டாச் செருப்புமாக, தலைகுனிந்து வரிசையில் வருவதை எட்டு மணி விரிவுரைக்கு வரும் எவரும் காண்கிறார். அவர் முறைப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. போராட்டம் பற்றிய பிரிவுகளை இச்சட்டத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பதும் என் நிலைப்பாடு.

தமிழ்நாட்டுச் சட்டத்தில், முறைப்பாட்டின் மீது நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவர் உடந்தையாகக் கருதப்படுவார். இலங்கைச் சட்டத்தில் அதற்கு ஈடான விதி இல்லை, வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு விதியும் முறைப்பாட்டிலிருந்தே தொடங்குகிறது. கண்டும் செயற்படாதவர் என்று அதை விரித்து எழுதினால்தான் இங்கே பயன்படும்.

திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் அறிவியல் நகரின் பீடங்களும் தங்கள் தமிழ் அறிவித்தல்களில் ‘பகிடிவதை’யை நீக்கி ‘புதுமுக மாணவர் வதை’ என்று எழுதட்டும். ‘உள்ளேயோ வெளியேயோ’, ‘ஏற்படுத்தக்கூடிய’ என்ற இரண்டையும் பெரிய எழுத்தில் சேர்க்கட்டும். அந்த அறிவித்தல் பதிவு நாளில் கையில் கொடுபடுவதற்குப் பதிலாக, வெட்டுப்புள்ளி வெளியாகும் அதே கிழமையில், தெரியாத இலக்கத்துக்கு முன்பாக, வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.