திருமணி வைத்தியசாலையும் வெண்புள்ளியும்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில், 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் எழுந்த தொழுநோய் வைத்தியசாலை, 1955-இல் மத்திய அரசின் வசமாகி, இன்றும் போதனைக்கும் ஆராய்ச்சிக்குமான நிலையமாக நடந்து வருகிறது. நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்ட கிருமியே தொழுநோய்க்குக் காரணம் என்று வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட பின்னரும், தோலில் வெண்மை படர்ந்தவரையெல்லாம் குஷ்டரோகி என்று பந்தியிலிருந்து விலக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது.

தொழுநோயையும் வெண்புள்ளியையும் பிரித்தறியும் பரீட்சையோ எளிது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியின் நுனியால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார் வைத்தியர். தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும், நிறமும் முற்ற வெளுக்காது. வெண்புள்ளியிலோ பால் வெண்மையும், சில சமயம் அதன்மேல் நரைத்த ரோமமும் காணுமே ஒழிய, உணர்ச்சியில் குறையிராது. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கவைத்த நாட்டு வைத்தியமும் வெறும் சடங்கன்று. அதிலுள்ள சோராலென் என்னும் பொருள் ஒளியோடு கூடியே வேலை செய்கிறது என்று பின்னாளில் ரசாயனம் காட்டிற்று. அளவு மிஞ்சினால் தோல் கொப்புளித்துவிடும் என்பது வேறு விஷயம்.

தமிழக அரசு 2010-இல் வெண்குஷ்டம் என்ற பெயரை நீக்கி, வெண்புள்ளிகள் என்றே வழங்க ஆணையிட்டது. ஆயினும், தொற்றிவிடும் என்ற பயம் தணிந்த வீடுகளிலும், பெண் பார்க்கப் போகையில் இது பரம்பரை வியாதியோ என்ற சந்தேகம் தலைதூக்காமல் இருப்பதில்லை. அந்தச் சந்தேகம் முழுப் பொய்யன்று; அதற்குக் கொடுக்கும் கனம்தான் பொய் என்பது என் அபிப்பிராயம்.

உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே நிறமியை ஆக்கும் உயிரணுக்களைப் பகையென்றெண்ணி அழிப்பதால் விளைவது இவ்வெண்மை. அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்பிரிட்ஸ் குழுவினர் 2007-இல் என்.எல்.ஆர்.பி.1 என்னும் மரபணுவை இதனோடு இணைத்துக் காட்டினர். அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 50 மரபணு இடங்கள் கணக்கில் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை நோய் எதிர்ப்புச் சக்தியை ஆள்பவை. இத்தகைய குடும்பங்களில் தைராய்டுக் கோளாறும் அடிக்கடி தென்படுவது அதனாலேயே. இவற்றுள் விசித்திரமானது டைரோசினேஸ் மரபணு: ஐரோப்பியரிடையே வெண்புள்ளிக்கு இடங்கொடுக்கும் அதன் வடிவமே, மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றைச் சற்று எட்ட நிறுத்துகிறது.

ஒரே கருவில் பிறந்து மரபணுவெல்லாம் ஒன்றாயுள்ள இரட்டையருள் ஒருவருக்கு வெண்புள்ளி கண்டால் மற்றவருக்கும் காண்பது நூற்றுக்குச் சுமார் 23 என்றும், உடன்பிறந்தாருக்கு நூற்றுக்கு 6 அளவே என்றும் 2003-இல் வெளியான ஆய்வு கூறிற்று. பெண்ணின் அத்தை முழங்கையில் வெண்மை கண்டதாகக் காதோடு சொல்லி ஜாதகத்தைத் திருப்பியனுப்பும் தரகர், இதனினும் அழுத்தமாகக் குடும்ப வழி இறங்கும் நீரிழிவைப் பற்றி மாத்திரம் வாய் திறப்பதில்லை.