இடித்த பிறகு எங்கே போகிறது?

சென்னைக் கோட்டையில், சட்டமன்றத்தின் முகப்பில் கறுப்பு நிறக் கல் தூண்கள் பளபளவென்று நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? பாண்டிச்சேரி வரை போய்த் திரும்பி வந்த தூண்கள் அவை! 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை அலுங்காமல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1761-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஊரையே தரைமட்டமாக்கினார்கள். ஆனால், தூண்களை மட்டும் மறக்காமல் எடுத்துவந்து விட்டார்கள்.

அந்தக் காலத்தில் இடித்த கட்டடம் குப்பை இல்லை, சொத்து! தேக்கு உத்திரம், வாசக்கால், ஓடு எல்லாவற்றுக்கும் விலை உண்டு. செங்கல்லும் வீணாகாது. சுண்ணாம்புக் காரை கல்லைப் பிடித்திருக்குமே தவிர, கடித்திருக்காது. கொல்லறுவால் தட்டினால் உதிர்ந்துவிடும். சிமென்ட் அப்படியா? பிரிக்கப் போனால் கல்தான் உடையும்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மன் குண்டுகளால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் நொறுங்கிக் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து சரக்கு கொண்டுவந்த கப்பல்கள் காலியாகத் திரும்பினால் கடலில் தள்ளாடும். சரி, பாரத்துக்கு இதை ஏற்று என்று இடிபாடுகளை அள்ளிப் போட்டார்கள். இன்றும் நியூயார்க் நகரின் கிழக்கு நதிக்கரைச் சாலையில் ஒரு பகுதி, பிரிஸ்டல் வீடுகளின் மேல்தான் போகிறது!

நம்மூருக்கு வருவோம். 2014 ஜூன் 28. மவுலிவாக்கம், அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் இருந்த ஊர். மழை பெய்த சாயங்காலம், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். அந்த இடிபாட்டை யாரும் குப்பை என்று சொல்லவில்லை. நாள்கணக்கில் ஒவ்வொரு பாளமாகத் தூக்கி, உள்ளே மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பக்கத்திலேயே அதன் ஜோடிக் கட்டடம் நின்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2016 நவம்பர் 2-ம் தேதி, இருட்டிய பிறகு வெடிவைத்தார்கள். சில விநாடிகளில் புழுதிதான் மிச்சம். மறுநாள் பேப்பரில் எல்லோரும் அந்தப் புழுதியைப் பார்த்தோம். அந்த கான்கிரீட் மலை எங்கே போகும் என்று எத்தனை பேர் கேட்டோம்?

இத்தனைக்கும் கட்டட இடிபாட்டுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் போட்டது அதே வருஷம் மார்ச்சில்தான். ஒரு நாளைக்கு 20 டன்னோ, மாதம் 300 டன்னோ தாண்டினால் கான்கிரீட், மண், இரும்பு-மரம், செங்கல் என்று பிரித்து வைக்க வேண்டும் என்றன அந்த விதிகள். கான்கிரீட்டை நொறுக்கி மறுபடி ஜல்லியாகப் பயன்படுத்தலாம் என்று இந்தியத் தர நிர்ணயமும் 2016-ல் ஒப்புக்கொண்டது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவிகிதம் வரை கலக்கலாம், எம்-25 தரத்துக்கு மேல் போகாத வரையில். 2025-ல் இன்னும் கெடுபிடியான விதிகள் வந்தன.

சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளைக்கு 400 டன் நொறுக்கும் ஆலைகள் உண்டு. ஆனால், ஒரகடத்திலிருந்து அத்தனை தூரம் ரப்பீஸ் லாரிக்கு டீசல் யார் போடுவது? ஏரிதான் பக்கத்தில் இருக்கிறதே! ஒரு மூலையில் நாலு லோடு கொட்டி, மேலே மண்ணைப் பரப்பிவிட்டால் மனைக்கட்டு. 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்ததை நாம் பார்த்தோம்.

இதே ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு கதையும் உண்டு. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கும் அதுவுமாக 2014-ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. சில வருஷம் பூட்டிக் கிடந்த அந்த ஆலையை யாரும் இடிக்கவில்லை. செல்போன் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வந்து, அதே கூரைக்குக் கீழே மெஷின்களை இறக்கியது.