எழுதாத குத்தகை

ஒரு வேலி நிலம் 6⅔ ஏக்கர். நாற்பது வேலி என்றால் ஏறத்தாழ 267 ஏக்கர். சிதம்பரம் போய்வர விடை கேட்டு நின்ற பண்ணையாள் நந்தனிடம், இத்தனை நிலத்திலும் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார் நில எசமானான வேதியர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரம்' நடக்கும் இடமெல்லாம் கூட்டம் கண்கலங்கும் கட்டம் அது. இறைவன் அருளால் வேலை ஒரே இரவில் முடிகிறது. பக்தியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, வேதியர் இட்ட கட்டளையை மட்டும் நிலக்கணக்காகப் படித்துப் பார்ப்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் இந்த வேதியரே கிடையாது. அங்கே நந்தனார் கொள்ளிடக் கரை ஆதனூரில், ஊர்த்தொழிலுக்காக ஊரார் விட்ட நிலத்தின் விளைச்சலை உண்டு வாழ்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். அவரைத் தடுப்பது அவருடைய பிறப்பின்மேல் சமூகம் சுமத்திய இழிவு. நில எசமான் என்று ஒருவர் இல்லை. எசமானைக் கதைக்குள் கொண்டுவந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரதியார். மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் அவர். சுற்றிலும் நெல்வயல், வயல்தோறும் பண்ணையாள். கண்ணால் கண்டதைத்தான் அவர் பாட்டில் வைத்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சென்ற வாரம் 1690-ஐப் பார்த்தோம். தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை இருந்த ஊர்களைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. கடலூரைச் சுற்றிய அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. நிலம் கும்பெனிக்கு வந்தது சரி. அந்த நிலத்தை உழுதவர் யாருக்கு என்ன கடன்பட்டிருந்தார்? இந்த வாரம் அதுதான் பேச்சு.

ஒப்பிட்டுப் பார்க்க, கும்பெனிக்காரர்களின் சொந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு நாடு இருக்கிறது. அதே காலத்து அயர்லாந்தில் நிலக்குத்தகை பெரும்பாலும் பத்திரத்தில் எழுதப்பட்டது. குத்தகைப் பணம் முதல் வரி. அதற்குக் கீழே கடமைகள்: வருடத்துக்கு இத்தனை கொழுத்த கோழிகள், அறுவடையில் ஆளும் குதிரையுமாக இத்தனை நாள் வேலை, நிலக்கிழாரின் ஆலையில் மட்டுமே தானியம் அரைப்பது, வேலியடைப்பது, பழமரம் நடுவது. குத்தகைக் காலத்தை மூன்று பேரின் ஆயுளாகக் குறிப்பதும் உண்டு. பத்திரத்தில் பெயர் சொல்லப்பட்ட மூவரில் கடைசி ஆள் கண்மூடும்வரை குத்தகை செல்லும். கத்தோலிக்கர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 31 ஆண்டுக்கு மேல் அவர்கள் குத்தகை எடுக்கக்கூடாது என்று 1704-இல் சட்டம் போட்டார்கள். கொடுமையான ஏற்பாடுதான். ஆனாலும் கோழிகளுக்கு எண்ணிக்கை இருந்தது. பத்திரத்தில் ஆறு என்றிருந்தால், ஏழாவது கோழியைக் கேட்பவரிடம் அதை எடுத்துக் காட்டலாம்.

சிதம்பரம் வட்டாரத்தில் குடியானவர் எதை எடுத்துக் காட்டுவார்?

இங்கே ஏற்பாடு பல படிகளில் இருந்தது. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்துவிட வேண்டும். வாரம் என்றால் களத்தில் பங்கு. கதிரடித்துத் தூற்றிப் பொலி குவித்ததும் குடியானவர் அதைத் தொட முடியாது. நிலக்காரரோ அவருடைய காரியக்காரரோ வந்து நிற்க வேண்டும். முதலில் மேரை போகும்: கோயிலுக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு. மிச்சத்தில் நிலக்காரரின் மேல்வாரம் ஒரு பக்கம், குடியானவரின் குடிவாரம் மறுபக்கம். விதைநெல்லுக்கும் சாப்பாட்டுக்கும் நிலக்காரரிடமே கடன் வாங்கியிருந்தால் அதுவும் களத்திலேயே கழியும். தை மாதம் மரக்காலால் அளந்து முடித்த பிறகு குடியானவர் வீட்டுக்குத் தூக்கிப்போனது எவ்வளவு என்பது, அந்தக் கடன் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

இதற்கும் கீழே இருந்தவர் பண்ணையாள். அவருக்குப் பங்கு கிடையாது. நாள்படியாக நெல், அறுவடையில் களத்துநெல், பண்டிகைக்குத் துணி, குடிசை போட்டுக்கொள்ள மனை. இதற்கு ஈடாக அவர் செய்ய வேண்டியதற்கு வரம்பில்லை. உழவு, நாற்று, நடவு, தண்ணீர் பாய்ச்சுதல், இரவுக் காவல், மாட்டுக்கொட்டகை, எசமான் வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாமே அவர் தலையில். மனைவியும் பிள்ளைகளும் அதே பண்ணையில். பெரும்பாலும் தலித் மக்கள். அடிமைமுறையை 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் செல்லாததாக்கியது. கடன் அவர்களை அதே வயலில் கட்டிவைத்தது. கடமை எழுதப்படாததால் அது எந்த இடத்தில் முடிகிறது என்று யாரும் சொல்ல முடியாது. நாற்பது வேலியையும் முடித்துவிட்டுப் போ என்ற கட்டளைக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதில் அரசாங்கத்தின் பங்கு என்ன? 1801-இல் கர்நாடக நவாபிடமிருந்து, சிதம்பரம் அடங்கிய தென்னார்க்காடு கும்பெனி கைக்கு வந்தது. 1808-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள். முதலில் மூன்றாண்டு, பிறகு பத்தாண்டு. அது சரிவரவில்லை. 1820-இல் மன்றோ கவர்னராக வந்ததும் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஜமீன்தார் என்று நடுவில் யாரும் இல்லாமல், பட்டாதாரர் நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டுவார். பாடப்புத்தகங்கள் இதை உழவனுக்கே நிலம் தந்த ஏற்பாடு என்று சொல்லிவந்தன. காவிரிப் பாசன ஊர்களில் அந்தப் பட்டாதாரர் பல நேரங்களில் ஏர் பிடிக்காதவர். அவருக்குக் கீழே ஏர் பிடித்தவரின் பெயருக்குச் சர்க்கார் கணக்கில் இடமில்லை. அந்த ஒரு விடுபடல் நூற்றைம்பது ஆண்டுகளுக்குத் தொடர்ந்தது என்பது என்னை உறுத்துகிறது.

ஜமீன் பகுதிகளில் நிலைமை கொஞ்சம் வேறு. நிலக்கிழார் பட்டா கொடுத்து, குடியானவரிடம் முச்சிலிக்கா என்னும் உடன்படிக்கை எழுதி வாங்கினால்தான் குத்தகை பாக்கிக்கு வழக்காட முடியும் என்று 1865-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1908-இல் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலைத்த உரிமை தந்தது. அயர்லாந்தில் குடியானவர்கள் பெரும் போராட்டம் நடத்தி, நியாயமான குத்தகை, வெளியேற்றத் தடை, உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் 1881-இல் சட்டமாக்கிக்கொண்டார்கள். அந்த விவாதத்தின் எதிரொலி 1885-ஆம் ஆண்டு வங்கக் குத்தகைச் சட்டத்தில் கேட்டது. ரயத்துவாரிப் பட்டாதாரரிடம் நிலம் பிடித்திருந்த சிதம்பரத்துக் குடியானவரை இவற்றில் எதுவும் எட்டவில்லை.

கடமை என்று வரும்போது மட்டும் சட்டம் இங்கே வேகமாக வந்தது. சிதம்பரம் வட்டாரத்து வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வெட்டியது. 1836-இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஏரிக்கரையைக் காப்பதும் வாய்க்கால் தூர்வாருவதும் குடிமராமத்து, ஊரார் வழக்கமாகச் செய்துவந்த வேலை. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. வழக்கமான வேலைக்கு ஆள் தராதவர், அந்த வேலையின் கூலியைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். பொறுப்பு நிலமுடையவர் பெயரில் இருக்கும். மண்வெட்டியோடு கரையில் நிற்பவர் பண்ணையாளாக இருப்பார்.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பெயரை வைத்தார். பண்ணைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் அங்கே எழுத்துப் படித்தார்கள். எழுதாத குத்தகையில் சிக்கிய மக்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும்.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர்க் குடியானவர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்கள் அதற்குள் வந்தார்கள். குடியானவருக்கு விளைச்சலில் 40 சதவீதம். நினைத்தபடி வெளியேற்ற முடியாது. கீழத்தஞ்சையில் விவசாயச் சங்கங்கள் பல ஆண்டு நடத்திய போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது. ஆனால் சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும். கொள்ளிடத்தின் தென்கரைச் சீர்காழி அதற்குள். வடகரைச் சிதம்பரம் தென்னார்க்காட்டில் இருந்ததால் வெளியே. இரு கரையிலும் ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே நெல், ஒரே பண்ணைமுறை.

மூன்று ஆண்டு கழித்துத்தான் வடகரைக்கும் வழி பிறந்தது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வடகரைக் குடியானவரின் கடமைகளை முதன்முறையாக எண்ணி முடித்தது. குத்தகையைக் கெடு தாண்டி ஒரு மாதத்துக்குள்ளாவது கட்ட வேண்டும். நிலத்தையோ பயிரையோ பாழாக்கக்கூடாது. அடியோடு தரிசாகப் போடக்கூடாது. விவசாயம், தோட்டம் தவிர வேறு எதற்கும் நிலத்தைப் பயன்படுத்தக்கூடாது. நிலக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுக்கக்கூடாது. இவற்றை மீறினால் வெளியேற்றலாம், மற்றபடி முடியாது. கல்யாண வேலையும் கொட்டகை வேலையும் அந்தப் பட்டியலில் இல்லை. வாய்ப்பேச்சில் பிடித்த குத்தகையும், நடப்பிலிருந்தே தெரியும் குத்தகையும் செல்லும் என்றது சட்டம். 1956-இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம், நன்செயில் நிலக்காரருக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பின்னாளில் அது 25 ஆனது.

இருந்தும் வாய்ப்பேச்சை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எளிதல்ல. அதற்காகவே 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமவாரியாகப் பதிவேடு, அதில் உழுபவர் பெயர். விதைக்கும் அவசரச் செலவுக்கும் நிலக்காரரையே நம்பியிருந்தவர்கள், பெயரைப் பதியச் சொல்லி மனுக் கொடுக்கத் தயங்கினார்கள். பதிவுக்கு வராத குத்தகைகள் இன்றும் உண்டு. 2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டத்து வயல்கள் மூழ்கியதுபோல ஒரு வெள்ளம் வந்தால் இந்த வேறுபாடு வெளியே தெரியும். நிவாரணத்துக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், கூட்டுறவுக் கடனுக்கும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். சிட்டா நிலக்காரர் பெயரில். உழுதவர் பெயர் அடங்கலில் ஏறியிருக்க வேண்டும்; அதற்கு அவர் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும்; நிலக்காரர் ஆட்சேபிக்காமல் இருக்க வேண்டும்.

பொது அறநிலையங்களின் நிலத்துக்கு 1961-இல் தனிச் சட்டம் வந்தது. கோயிலே நிலக்கிழாராக இருக்கும் ஊர்களின் கணக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.