கடமைச் சொற்கள் காட்டும் வரலாறு: பெங்களூரில் தமிழும் தக்கனியும்

முன்னுரை

இசுலாத்தின் அடிப்படை நம்பிக்கைகளும் கடமைகளும் உலகெங்கும் ஒன்றே எனினும், அவற்றைச் சுட்டும் சொற்கள் இடந்தோறும் வேறுபடுகின்றன. பெங்களூரில் தமிழ் பேசும் முசுலிம்கள் 'தொழுகை' என்பதனைத் தக்கனி உருது பேசுவோர் 'நமாஸ்' என்பர்; முன்னவரின் 'நோன்பு' பின்னவர்க்கு 'ரோஜா'. உருதுச் சொற்களே இசுலாத்துக்கு உரியன என்றும், தமிழ்ச் சொற்கள் அவற்றின் பிற்கால மொழிபெயர்ப்புகள் என்றும் கருதுவாரும் உளர். இக்கருத்து வரலாற்றோடு பொருந்துமா என்பதனை, அக்கடமைகளை அறிமுகப்படுத்தும் முகமாக இக்கட்டுரை ஆராய்கிறது.

நம்பிக்கையும் கடமையும்

ஓரிறைக் கொள்கையே இசுலாத்தின் உயிர்நிலை. இறைவன், வானவர், வேதங்கள், இறைத்தூதர்கள், இறுதிநாள், விதி ஆகிய ஆறினையும் நம்புதல் 'ஈமான்' எனப்படும். இந்நம்பிக்கையின் புற வெளிப்பாடாக ஐந்து கடமைகள் அமைகின்றன. இறைவன் ஒருவனே என்றும் முகம்மது நபி அவனுடைய தூதர் என்றும் சான்று பகரும் கலிமா முதலாவது. மக்காவிலுள்ள கஅபாவை நோக்கி நாள்தோறும் ஐவேளை தொழுதல் இரண்டாவது. ரமலான் மாதம் முழுவதும் வைகறை முதல் ஞாயிறு மறையும்வரை நீரும் பருகாது நோன்பிருத்தல் மூன்றாவது. வரையறுத்த அளவை எட்டிய செல்வம் ஓராண்டு தம்மிடம் இருப்பின், அதில் நாற்பதில் ஒரு பங்கை உரியவர்க்கு வழங்கும் ஜகாத் நான்காவது. உடல்நலமும் பொருள்வளமும் உடையோர் வாழ்நாளில் ஒருமுறை மேற்கொள்ளும் ஹஜ் ஐந்தாவது.

தமிழ்ச் சொல் ஏற்ற இடங்கள்

இவற்றுள் தொழுகையும் நோன்பும் தமிழ்ச் சமய மரபில் முன்னரே வழங்கிய சொற்கள். சமணரும் சைவரும் வைணவரும் போற்றிய நோன்பு, ரமலான் நோன்புக்கும் பெயராயிற்று. சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல் முசுலிம்களின் வழிபாட்டிடத்துக்கும் உரியதாயிற்று. திருப்புல்லாணியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டில் 'சோனகச் சாமந்தப் பள்ளி' என்னும் பெயர் காணப்படுவது இதற்குச் சான்று. தேவரைக் குறித்த 'வானவர்' என்னும் சொல், இறைவனின் ஏவலை நிறைவேற்றும் மலக்குகளைக் குறிக்கலாயிற்று. இங்குப் பழஞ்சொல் புதிய கொள்கைக்கேற்பப் பொருள் மாறியது.

அரபுச் சொல் நின்ற இடங்கள்

ஜகாத்துக்கு 'ஈகை' என்றோ 'கொடை' என்றோ பெயரிடத் தமிழில் தடையில்லை. ஆயினும் ஈகை என்பது கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. ஜகாத்தோ அளவும் காலமும் பெறுவோரும் வரையறுக்கப்பட்ட கடமை. ஹஜ்ஜும் துல்ஹஜ் மாதத்தின் குறிப்பிட்ட நாள்களில், குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நிறைவேறுவது. பொதுவாகிய 'யாத்திரை' அதற்கு ஈடாகாது. எனவே இவ்விரண்டும் அரபுப் பெயராலேயே வழங்கின.

ஒலி காட்டும் வழி

ஏற்கப்பட்ட அரபுச் சொற்களின் ஒலிவடிவம் மேலும் ஒரு சான்றினைத் தருகிறது. அரபியின் 'ளாது' என்னும் எழுத்து பாரசீகத்திலும் உருதுவிலும் 'ஜ' போல ஒலிக்க, தமிழ் முசுலிம்களிடம் 'ள' அல்லது 'ல' ஆகிறது. உருதுவின் ரம்ஜான், வுஜூ, கஜா, பர்ஜ் ஆகியன தமிழில் முறையே ரமளான் அல்லது ரமலான், ஒளு, களா, பர்ளு என வழங்குகின்றன. நண்பகல் தொழுகையின் பெயரும், வேறோர் எழுத்தைக் கொண்டதாயினும், உருதுவில் ஜுஹர் எனவும் தமிழில் லுஹர் எனவும் அமைகிறது.

இது தமிழரின் நாப்பிழையன்று. 8ஆம் நூற்றாண்டு அரபு இலக்கண ஆசிரியர் சீபவைஹி இவ்வெழுத்தை நாவின் பக்கமும் கடைவாய்ப் பற்களும் பொருந்தப் பிறப்பதாக விளக்குகிறார். அது லகர ளகரங்களுக்கு நெருங்கிய பிறப்பே. மலையாள முசுலிம்களிடமும் ளகரமே உண்டு. மலாய் மொழி பர்ளு என்பதனைப் 'பெர்லு' எனவும், லுஹரை 'லொஹொர்' எனவும் ஏற்றது. மேற்கே, 'காளி' என்னும் நடுவர் பெயர் இசுபானியத்தில் 'அல்கால்தே' ஆயிற்று. ஆகவே தமிழின் வடிவங்கள் பாரசீகத்தின் வழி வந்தவையல்ல. அரபுக் கடல்வணிகத்தின் வழி நேரே வந்தவை.

பெங்களூரில் இரு வழிகள்

1638இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைப்பற்றியது. பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சிகளில் பாரசீகம் அரசவையில் ஓங்கியது. நிலவழி வந்த இச்செல்வாக்கே இந்நகரில் நமாஸ், ரோஜா முதலிய சொற்களை நிலைநிறுத்தியது. கன்னடமும் 'நமாஜு', 'மசீதி' என்றே வழங்குகிறது. 1809இல் இங்கு ஆங்கிலேயர் படைக்குடியிருப்பு அமைந்தபின் தமிழர் பெருமளவில் குடியேறினர். அவர்களுள் லப்பை எனப்பட்ட தமிழ் முசுலிம் வணிகரும் அடங்குவர். கடல்வழிச் சொற்கள் இவ்வாறு நிலவழிச் சொற்களின் அருகே வந்து சேர்ந்தன.

நகருக்குப் பின்னர் வந்தமையால் இச்சொற்களைப் பிற்பட்டவை எனல் பொருந்தாது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் விடை பகர்வதாக இசுலாமியக் கோட்பாடுகளை விளக்கும் ஆயிர மசலாவை வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் தமிழில் இயற்றினார். பீஜப்பூர்ப் படை பெங்களூருக்கு வருவதற்கு 66 ஆண்டுகட்கு முன்னரே, அந்நம்பிக்கைகளை விரித்துரைக்கும் ஆற்றலைத் தமிழ் பெற்றிருந்தது.

இவ்வேறுபாட்டைச் சமயப் பிரிவாகக் கொள்வதும் தவறு. தமிழ் பேசுவோருள் மரைக்காயர் பெரும்பாலும் ஷாபி சட்டநெறியினர். இராவுத்தர் தக்கனி முசுலிம்களைப் போல ஹனபி நெறியினர். மொழியின் எல்லையும் சட்டநெறியின் எல்லையும் ஒன்றல்ல.

முடிவுரை

தொழுகையும் நமாஸும் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று. ஒரே கடமை இரு வழிகளில் வந்து பெற்ற இரு பெயர்கள் அவை. தமிழ் முசுலிமின் 'ஒளு'வைத் திரிபெனத் தள்ளுவோர், இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றின் சான்று ஒன்றனை இழக்கின்றனர். உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றிடையே இளந்தலைமுறை வளரும் பெங்களூரில், தமிழ் முசுலிம்களின் வழக்குச் சொற்களைக் களத்தில் தொகுத்து அகராதிகளில் இடம்பெறச் செய்வது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.